பச்சையாக மாறிய சிறுநீர்

பிள்ளைகள் மேல் ஏன் இந்த வாடை? நார்வேயில் போர்க்னி ஏகெலாந்த் என்ற அம்மா பார்த்த டாக்டர்களிடமெல்லாம் இதைக் கேட்டார். மகள், மகன் இருவருக்குமே மனவளர்ச்சி இல்லை. வாடையை யாரும் பொருட்படுத்தவில்லை. 1934-இல் வேதியியலும் படித்த மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் அவர்களுடைய சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு வருவதுபோல் செம்பழுப்பு வரவில்லை, பச்சையானது. அம்மா லிட்டர் கணக்கில் கொண்டுவந்து கொடுக்க, ஃபினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்.

இன்று அதன் பெயர் பிகேயு. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் வரும். புரதத்திலுள்ள ஃபினைல்அலனினைக் கல்லீரலால் மாற்ற முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். தாய்ப்பாலிலும் அது இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

காரணம் தெரிந்தும் சிகிச்சை இல்லை. 1950-களின் தொடக்கத்தில் பர்மிங்காமில் இன்னொரு அம்மா தினமும் காலையில் ஆய்வகத்துக்கே வந்து, என் பொண்ணுக்கு வழி கண்டுபிடிச்சீங்களா என்று நச்சரித்தார். ஹார்ஸ்ட் பிக்கெலும் கூட்டாளிகளும் ஃபினைல்அலனின் நீக்கிய உணவைத் தயாரித்தார்கள். குழந்தை தவழ்ந்தாள், நின்றாள், தலையை முட்டிக்கொள்வதை விட்டாள். உணவுதான் காரணமா என்று பார்க்க, அம்மாவிடம் சொல்லாமலே ஃபினைல்அலனினை மறுபடி கலந்தார்கள். கற்றதெல்லாம் சில நாட்களில் போனது. ஆதாரம் கிடைத்துவிட்டது, சரி. அந்தச் சில நாட்களில் அந்த அம்மா என்ன நினைத்திருப்பார்?

1960-களில் ராபர்ட் கத்ரியின் சோதனை வந்தது. குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தம், ஒரு வடிதாள், அவ்வளவுதான். பிறந்த சில நாட்களிலேயே நோய் தெரிந்துவிடும். உடனே உணவை மாற்றினால் மூளை தப்பும். கத்ரியின் உறவுக் குழந்தை ஒன்றுக்கும் பிகேயு இருந்தது. அது தெரிந்தது ஒரு வயது தாண்டிய பிறகுதான்.