சீழில் கண்ட திராட்சைக் குலை

உடலில் கட்டி எழும்பிப் பழுத்துச் சீழ் வடிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்கட்டி, நகச்சுற்று போன்றவற்றிலும் இதே தொல்லைதான். இவற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. இது கண்டறியப்பட்ட வரலாறும், இதனோடு மனிதன் நடத்திவரும் போராட்டமும் நாம் அறிய வேண்டியவை.

ஆக்ஸ்டனின் ஆராய்ச்சி

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை, புண்ணில் சீழ் பிடிப்பது இயல்பே என்று மருத்துவர்கள் நினைத்தனர். கெட்டியான சீழ் நல்ல அறிகுறி என்றுகூடச் சிலர் நம்பினர். ஜோசஃப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தி, சீழ் இன்றியே புண் ஆறும் என்று காட்டினார். அப்படியானால் சீழை உண்டாக்குவது எது?

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் இதை ஆராய்ந்தார். கட்டியின் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, சிறு உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. அச்சீழை எலிகளின் உடலில் செலுத்தினால் கட்டி உண்டாயிற்று. சூடாக்கிய பிறகு செலுத்தினால் உண்டாகவில்லை. ஆகவே, குற்றவாளி உயிருள்ள கிருமியே! 1880இல் பெர்லின் மாநாட்டில் இதை அறிவித்தார். 1882இல் அதற்குப் பெயரும் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘ஸ்டாஃபிலே’ என்றால் திராட்சைக் குலை; ‘காக்கஸ்’ என்பது மணியைக் குறிக்கும்.

பெனிசிலினும் எதிர்ப்பும்

1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், தாம் வளர்த்த இதே கிருமிகள் ஒரு பூஞ்சணத்தைச் சுற்றி அழிந்திருக்கக் கண்டார். அப்பூஞ்சணம் தந்த மருந்தே பெனிசிலின். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில், கடுமையான சீழ்த்தொற்றுக்கு ஆளான ஒரு காவலருக்கு அது செலுத்தப்பட்டது. அவர் தேறிவந்தார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. மார்ச்சில் அவர் இறந்தார்.

பின்னர் மருந்து ஏராளமாகக் கிடைத்தது. ஆனால் கிருமி சும்மா இருக்கவில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் வகைகள் பெருகின. லண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி பார்பர் ஆராய்ந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளில் 1946இல் சுமார் 14 விழுக்காடு பெனிசிலினுக்குப் பணியாதவை. 1948இல் அது 59 விழுக்காடாயிற்று. மருந்து எளியவற்றைக் கொன்றது. வலியவை தப்பிப் பெருகின.

இந்த நொதிக்கு அசையாத மெதிசிலின் 1959இல் உருவாக்கப்பட்டது. அதற்கும் பணியாத கிருமிகள் 1961இலேயே இங்கிலாந்திலிருந்து அறிவிக்கப்பட்டன. இவை மருந்தைச் சிதைப்பதில்லை. மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்திற்கு மாற்றாக, எளிதில் பிடிபடாத வேறொரு புரதத்தை வைத்துக்கொண்டன. சாவி இருக்கிறது, பூட்டு மாறிவிட்டது!

நாம் செய்ய வேண்டியது

ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கினுள் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் வகை தீங்கின்றி வாழ்கிறது. தோலில் காயம் பட்டால்தான் பெரும்பாலும் அது உள்ளே புகுகிறது. குருதியில் கலந்தால் எலும்பையும் இதயத்தையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். எனவே கட்டியைக் கிள்ளிப் பிதுக்கலாகாது. மருத்துவர் கூறாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாங்கி விழுங்கலாகாது.

இக்கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. ஆனால் சோப்பிட்டுக் கை கழுவினால் நீரோடு போய்விடுகிறது. லிஸ்டர் வற்புறுத்திய தூய்மைக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை.