கங்காவின் உள்ளமும் வெள்ளித்திரையும்

ஏட்டில் வந்த கதையைப் படமாக்குதல் நம் தமிழகத்திற்குப் புதிய வழக்கமன்று. 1939ஆம் ஆண்டிலேயே, கல்கியின் ‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்துகொண்டிருக்கையில், கே. சுப்பிரமணியம் அதனைப் படமாக எடுத்தார். படக்காட்சிகளே தொடர்கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, செல்வச் சீமாட்டி உமாராணியாகத் திரும்பி வருகிறாள். தன்னுடன் வாழவேண்டுமெனக் கணவன் வழக்குத் தொடுக்கிறான். அவள் நெஞ்சில் குமுறியதெல்லாம் நீதிமன்றத்தில் வாய்ச்சொல்லாக வெளிப்பட்டது. தமிழ்ப்படம் பேசத் தொடங்கி எட்டாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மனத்தில் உள்ளதை உரக்கச் சொல்லியே தீரவேண்டும் எனக் கருதினர் போலும்!

சொல்லாமலே காட்டுவது எங்ஙனம்? அதற்கு 1977ஆம் ஆண்டில் வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தைக் காணவேண்டும்.

அதன் வேர் ஒரு சிறுகதை. 1966ஆம் ஆண்டில் ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார். மழை கொட்டும் மாலையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரிப் பெண், முன்பின் அறியாதவனுடைய காரில் ஏறி, கறைபட்டு வீடு திரும்புகிறாள். தாய் பதறுகிறாள், அடிக்கிறாள். ஆயினும் பிறர் அறியாமல் மறைத்து, மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவளே எனத் தேற்றுகிறாள். வாசகரிடையே பெரும் புயல் எழுந்தது. அத்தாய் அங்ஙனம் செய்யாது ஊரறியக் கூச்சலிட்டிருப்பின் அப்பெண்ணின் கதி என்ன? இவ்வினாவிலிருந்து பிறந்ததே நாவல். 1972ஆம் ஆண்டில் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

நாவலில் கங்கா தானே கதை சொல்கிறாள். உத்தியோகத்தில் உயர்ந்தும், வீட்டார் பார்வையில் அவள் கெட்டுப்போனவளே. தன்னைக் கெடுத்தவனைத் தானே தேடிச் செல்கிறாள். வெறுப்பா, பழிதீர்ப்பா, பற்றா? அவளுக்கே தெளிவில்லை. தன்னையே கேலி செய்துகொண்டு பக்கம் பக்கமாகத் தன்னுடன் வாதாடுகிறாள்.

இவ்வாதத்தை முழுவதும் திரையில் ஒலிக்கச் செய்தால் கொட்டகை தூங்கிவிடும். திரைக்கதை, வசனத்தை ஜெயகாந்தனே எழுதினார். இயக்கியவர் ஏ. பீம்சிங். ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ போன்ற படங்களில் நம் தாய்மார்களைக் கைக்குட்டை நனைய அழவைத்தவர் அவரே. இங்கோ கண்ணீரை அடக்கிவிட்டார். கங்காவாக வந்த லட்சுமியின் முகமே நாவலின் பல பக்கங்களுக்கு ஈடாக நின்றது. வாய் ஒன்றைச் சொல்ல, விழி வேறொன்றை மறைக்கும். இந்நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது.

எனினும் கங்காவின் குத்தலான கேலியில் பெரும்பகுதி திரைக்கு வரவில்லை என்பதே அடியேன் கருத்து. முகம் துயரைக் காட்டும்; துயருறுபவள் தன்னையே நகையாடுவதைக் காட்டுதல் அரிது.

ஆஸ்டின் டவுனில் படத்தை மட்டும் கண்டோர் பலர். அவர்கள் அச்சிறுகதையையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். தாயும் மகளும் சேர்ந்து படித்தால் இன்னும் நன்று. மழைநாளில் அலுவலகம் சென்ற மகளை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் தாய்மார் நம் தெருக்களில் இன்றும் உண்டு.