விக்கிப்பீடியாவில் சார்புநிலை

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்ற கொள்கையுடன் 2001 சனவரி 15 அன்று தொடங்கப்பட்ட கலைக்களஞ்சியம் விக்கிப்பீடியா. எழுதுவோரின் பாலினம், நாடு, மொழி, சாதி, அரசியல் ஆகியவற்றால் அதன் கட்டுரைகளில் ஏற்படும் சாய்வே சார்புநிலை எனப்படுகிறது. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்து எழுதுவதற்கான ஓய்வும் இணைய வசதியும் படிப்பும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அதைவிட ஆழமான சிக்கல் சான்றுகளில் இருக்கிறது. விக்கிப்பீடியா எந்தச் செய்திக்கும் வெளியான நம்பகமான மேற்கோளைக் கேட்கும். அச்சுலகம் பொருட்படுத்தாதவர்கள் இங்கும் விடுபட்டுப் போகிறார்கள்.

பாலின இடைவெளி

2008-இல் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்றில், விக்கிப்பீடியாவில் பங்களிப்போரில் பெண்கள் ஏறத்தாழ 13 விழுக்காடே என்று தெரியவந்தது. பின்னர் அதே தரவைத் திருத்திக் கணித்த ஆய்வாளர்களுக்கும் ஏறத்தாழ 16 விழுக்காடே கிடைத்தது. விக்கிமீடியா அறக்கட்டளையின் அப்போதைய செயல் இயக்குநர் சூ கார்ட்னர் 2015-க்குள் இதை 25 விழுக்காடாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். அது எட்டப்படவில்லை.

இந்த இடைவெளி உள்ளடக்கத்தில் என்ன செய்கிறது என்பதற்கு டோனா ஸ்ட்ரிக்லண்ட் விவகாரம் தெளிவான சான்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளரான அவரைப் பற்றிய வரைவுக் கட்டுரை, 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டது. தனிக்கட்டுரைக்குரிய அளவுக்கு அவர் குறிப்பிடத்தக்கவர் என்பதை மேற்கோள்கள் காட்டவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 55 ஆண்டுகளில் இயற்பியலுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூரூவுக்கு முன்பே கட்டுரை இருந்தது. பரிசோ, இருவரும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட லேசர் ஆய்வுக்காகக் கிடைத்தது. வரைவைத் திருப்பிய பயனரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாளிதழ்கள் அதுவரை அவரைப் பற்றிப் போதிய அளவு எழுதவில்லை என்பதும் உண்மை. ஆனால் பெரிய அறிவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர் கட்டுரைக்குத் தகுதியானவர் என்று விக்கிப்பீடியாவின் வழிகாட்டலே சொல்கிறது. ஸ்ட்ரிக்லண்ட் 2013-இல் ஒளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். விதி இருந்தும் பார்க்கும் கண் பழக்கப்பட்டிருக்கவில்லை.

வகைப்படுத்துவதிலும் இதே பார்வை உண்டு. 2013 ஏப்ரலில் அமெரிக்க நாவலாசிரியர்கள் என்ற பகுப்பிலிருந்து பெண்களை மட்டும் எடுத்து, பெண் நாவலாசிரியர்கள் என்ற தனிப்பகுப்பில் போட்டுக்கொண்டிருந்தனர் சில பயனர்கள். எழுத்தாளர் அமண்டா ஃபிலிபாச்சி நியூயார்க் டைம்ஸில் இதைச் சுட்டிக்காட்டியதும் பெரும் விவாதம் எழுந்தது.

சரிசெய்யும் முயற்சிகளும் சமூகத்துக்குள்ளிருந்தே வந்தன. இல்லாத கட்டுரைக்கான இணைப்பு சிவப்பு நிறத்தில் தெரியும். அதைக் கொண்டே பெயர் பெற்ற ‘விமன் இன் ரெட்’ திட்டம் 2015-இல் தொடங்கியபோது, ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஏறத்தாழ 15 விழுக்காடு. இன்று அது 20 விழுக்காட்டை ஒட்டி வந்திருக்கிறது. பிரித்தானிய இயற்பியலாளர் ஜெஸ் வேட் பெண் அறிவியலாளர்களைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருக்கிறார்.

சாதிக் கட்டுரைகள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் தெற்காசியச் சாதிகளைப் பற்றிய பக்கங்களைப் போல ஓயாத தொகுப்புப் போர் நடக்கும் இடங்கள் குறைவு. ஒரு சமூகத்தின் பக்கத்தில் உழவுக் குடி என்று இருப்பதைப் பெயர் தெரியாத ஒருவர் வந்து சத்திரியர் என்று மாற்றுவார். இன்னொருவர் மீளமைப்பார். பேச்சுப் பக்கத்தில் ஏச்சு தொடங்கும். 2012-இல் இந்தத் தலைப்புகளுக்கென்றே தனிக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன. விதி மீறுவோரை நிர்வாகிகள் தடுக்க முடியும். வாழும் மனிதர் ஒருவர் தம் சாதியைத் தாமே சொல்லியிருந்தாலன்றி அவர் பக்கத்தில் அதை எழுதக்கூடாது என்பதும் நடைமுறை. இது மிகச் சரியான விதி.

இந்தச் சாதிப் பக்கங்களில் காட்டப்படும் மேற்கோள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1901 கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி சாதிகளைச் சமூகப் படிநிலைப்படி வரிசைப்படுத்த முற்பட்டார். தங்களை மேலே வைக்கும்படி சாதிச் சங்கங்கள் மனுக்களைக் குவித்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மண்டை ஓட்டையும் மூக்கையும் அளந்து மனிதரை வகை பிரித்த காலத்து எழுத்து அது. இத்தகைய காலனிய நூல்களை நம்பகமான சான்றாக ஏற்பதில்லை என்பதில் அனுபவமுள்ள பயனர்கள் உறுதியாக இருக்கிறார்கள். ஆனாலும் பெருமை பேச வருவோரின் கையில் முதலில் இருப்பது அவைதான்.

ஒரு பதிப்பே சாய்ந்தபோது

குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் சிறு குழு ஒன்று நிர்வாக அணுக்கத்தைக் கைப்பற்றி, மாற்றுக் கருத்துள்ளோரைத் தடைசெய்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குரோவாசியாவை ஆண்ட உஸ்தாசா ஆட்சியின் கொடுமைகள் மென்மையாக்கப்பட்டன. பல்லாயிரவர் கொல்லப்பட்ட யாசெனோவாச் முகாம் வெறும் தடுப்பு, உழைப்பு முகாமாகக் காட்டப்பட்டது. 2013-இல் நாட்டின் கல்வி அமைச்சர் ஷெல்கோ யோவானோவிச், அந்தப் பதிப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று மாணவர்களை எச்சரித்தார். அறக்கட்டளையின் விரிவான அறிக்கை 2021-இல்தான் வந்தது. இவ்வளவு தாமதத்துக்குக் காரணம், அந்தந்த மொழிச் சமூகமே தன்னை ஆண்டுகொள்ளும் என்ற கொள்கை. அது நல்ல கொள்கைதான். ஆட்கள் குறைவான பதிப்பில் அதே கொள்கை ஒரு சிலரின் ஏகபோகத்துக்கு வழிவிடுகிறது. ஒரு மொழிச் சமூகத்தின் முடிவுக்கு விடாமல், எல்லா விக்கித் திட்டங்களுக்கும் பொதுவான நடத்தை நெறி 2021 பிப்ரவரியில் அறக்கட்டளையால் அறிவிக்கப்பட்டது.

சான்று இல்லாதவர்கள்

ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளைவிட, நிலையான குடிமக்களே இல்லாத அண்டார்ட்டிக்காவைப் பற்றி அதிகக் கட்டுரைகள் இருந்ததை 2009-இல் புவியியலாளர் மார்க் கிரஹாம் காட்டினார். இடைவெளியை நிரப்ப வாய்மொழியையும் மேற்கோளாக ஏற்கலாமா என்ற கேள்வியுடன் 2011-இல் ஆய்வாளர் அச்சல் பிரபாலா ஒரு சோதனைத் திட்டம் நடத்தினார். மலையாளம், இந்தி, வட சோத்தோ ஆகிய மொழிகளில், எழுத்தில் பதிவாகாத விளையாட்டுகளையும் சடங்குகளையும் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்து கட்டுரைகள் எழுதப்பட்டன. ஆங்கில விக்கிப்பீடியா இந்த முறையை ஏற்கவில்லை. சரிபார்க்க முடியாத பேச்சுக்கு இடம் கொடுத்தால் பொய்யும் நுழையும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்க்க முடியும்போது, முழுவதுமாக மறுப்பதற்குக் காரணம் போதாது.

சான்று எரிந்துபோன சமூகங்களும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க ஆண்டுகளில் தோள்கொடுத்து வளர்த்தவர், அதே யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியது. ஓர் ஊரின் பள்ளி, கோயில், தொழிலாளர் சங்கம் அல்லது ஓர் ஆசிரியை பற்றித் தமிழில் கட்டுரை எழுத முனைபவருக்கு இன்று அங்குள்ள பழைய சிறப்பு மலர்களே மேற்கோளாகின்றன. வீட்டில் அத்தகைய மலர், சிறுநூல், துண்டறிக்கை வைத்திருப்போர் அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் மின்வருடி எடுக்கக் கொடுத்துதவ வேண்டும்.