பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் தேர்வு

தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவன வினாத்தாளும் கடிகாரமுமே ஆகும். உலகில் வேறு வகைத் தேர்வுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிப் பேருந்து ஓட்ட விரும்புவோர் தேற வேண்டிய உரிமத் தேர்வு. வண்டியோட்டியின் தேர்வுக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அத்தேர்வின் வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, இஃது ஏன் கேட்கப்படுகிறது என்று ஆராய்ந்தால், பலவற்றின் அடியில் ஒரு துயர நாளும் சில பிள்ளைகளின் உயிரும் இருப்பதைக் காண்போம். அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுப்புறங்களில் பள்ளிகள் தொலைவில் இருந்தன. பிள்ளைகள் நெடுந்தூரம் நடந்தே சென்றனர். 1869-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் செலவுக்குப் பொதுப்பணத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அச்சட்டம். 1919-ஆம் ஆண்டிற்குள் அன்றைய 48 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன. முதலில் ஓடியவை குதிரை வண்டிகள். இந்தியானா மாநிலத்து வேய்ன் நிறுவனம் செய்த அவ்வண்டிகளை மக்கள் ‘பிள்ளை வண்டி’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். பிள்ளைகள் ஏறி இறங்கும் அரவத்தால் குதிரைகள் மிரளாதிருக்க, வாயிலை வண்டியின் பின்புறத்தில் அமைத்தனர். காப்பு முறை என்று சொல்லத்தக்க ஏற்பாடு அன்றே தோன்றிவிட்டது. ஆயினும், கடிவாளத்தைப் பிடித்தவரை எவரும் தேர்வு செய்து பார்க்கவில்லை.

மோட்டார் வண்டி வந்தபின் வேகம் கூடியது, ஒழுங்கு கூடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிராங்க் சைர் என்பவர் 1937-இல் நாடெங்கும் நடத்திய ஆய்வில், பிள்ளைகள் ஏறிச் செல்லாத வண்டி வகையே இல்லை என்று கண்டார். ஓரிடத்தில் கோதுமை ஏற்றும் வண்டியிலும் அவர்கள் பள்ளிக்குச் சென்றனர். 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் நியூயார்க் நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஏழு நாள் நடந்த அம்மாநாட்டில் 48 மாநிலங்களின் சார்பாளரும் வண்டி செய்வோரும் கலந்துகொண்டு 44 அளவைகளை வகுத்தனர். கூரையின் உயரம் எவ்வளவு, இருக்கைகளுக்கு இடையேயுள்ள நடைவழியின் அகலம் எவ்வளவு என்பவை போன்றவை அவை. விடியலின் மங்கிய ஒளியிலும் கறுப்பு எழுத்துகள் தெளிவாகத் தெரியும் என்று தேர்ந்தெடுத்த மஞ்சள் நிறமும் அம்மாநாட்டின் கொடையே.

வண்டிக்கு இலக்கணம் பிறந்தது. ஓட்டுபவருக்கு நாடு முழுமைக்குமான இலக்கணம் பிறக்கப் பின்னும் அரை நூற்றாண்டு சென்றது. பல மாநிலங்களில், சிறிய கார் ஓட்ட உரிமம் பெற்றவர் எவரும் அதே உரிமத்தைக் கொண்டு பெரிய பேருந்தையும் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. ஒரு மாநிலத்தில் உரிமத்தை இழந்தவர் மற்றொன்றில் வேறோர் உரிமம் பெற்று ஓட்டுவதும் உண்டு. 1986-ஆம் ஆண்டு அந்நாட்டின் பேரவை இயற்றிய சட்டமே இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒருவருக்கு ஓர் உரிமமே உண்டு. ஓட்டுநர் உட்பட 16 அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரும் வண்டியை ஓட்டுபவர் அதற்குரிய தேர்வில் தேற வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. 1992-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அதற்குக் கெடுவாக இருந்தது. பின்னர் 1999-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிப் பேருந்துக்கெனத் தனித் தேர்வு ஒன்றையும் விதித்தது. இருப்புப் பாதையைக் கடத்தல், பிள்ளைகளை ஏற்றி இறக்குதல், இடர் நேர்ந்தால் வெளியேற்றுதல் ஆகிய மூன்றும் அதன் தலையாய பகுதிகள்.

முதற்பகுதியைக் காண்போம். இருப்புப் பாதையை அடையும் ஓட்டுநர், தண்டவாளத்திற்கு 15 அடிக்குக் குறையாமலும் 50 அடிக்கு மிகாமலும் வண்டியை நிறுத்த வேண்டும். வானொலியை அணைத்துப் பிள்ளைகளை அமைதியாக்க வேண்டும். வாயிற்கதவையும் தம் பக்கத்துச் சன்னலையும் திறந்து, பார்ப்பதோடு கேட்கவும் வேண்டும். கதவைத் திறப்பானேன்? 1938-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், யூட்டா மாநிலத்தில் கடும் பனிப்புயலினூடே சென்ற பள்ளிப் பேருந்து ஒன்று சரக்கு இரயிலால் மோதுண்டது. 26 பேர் மாண்டனர். பனி கண்ணை மறைக்கலாம். அடைத்த கதவு காதையும் மறைக்கக் கூடாது என்பது அந்நாள் தந்த பாடம். கதவைத் திறந்து கேட்கும் வழக்கம் அங்கு விதியாகிப் பின்னர் நாடெங்கும் பரவியது.

அவ்விதி ஒன்றே போதவில்லை. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தின் பாக்ஸ் ரிவர் குரோவ் என்னும் ஊரில் ஒரு பேருந்து இருப்புப் பாதையைக் கடந்து, அதற்கு அப்பாலிருந்த சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டு நின்றது. வண்டியின் பின்பகுதி தண்டவாளத்தின் எல்லைக்குள் நீண்டிருந்தது. அன்று ஓட்டியவர் அவ்வழிக்குப் பழகாத மாற்று ஓட்டுநர். அவர் அதனை உணரவில்லை. சாலை விளக்கும் இரயில் எச்சரிக்கையும் ஒன்றோடொன்று போதிய அளவு இசைந்து இயங்கவில்லை. விரைவு இரயில் மோதி ஏழு மாணவர் உயிரிழந்தனர். இன்று தேர்வுக்குப் படிப்பவர், தம் வண்டியின் நீளத்தையும் தண்டவாளத்திற்கு அப்பால் நிற்கக் கிடைக்கும் இடத்தின் நீளத்தையும் ஒப்பிட்டு அறியவேண்டும் என்று பாடநூலில் காண்கிறார். அவ்விடம் வண்டியின் நீளத்தைவிட 15 அடியேனும் கூடுதலாக இல்லையெனில் கடக்கவே தொடங்கலாகாது.

இரண்டாம் பகுதி, ஏற்றுதலும் இறக்குதலும். பேருந்தின் உள்ளே இறக்கும் பிள்ளைகளைவிட, அதில் ஏறும்போதும் இறங்கும்போதும் இறக்கும் பிள்ளைகளே மிகுதி என்று பாடநூல் எச்சரிக்கிறது. வண்டியைச் சுற்றியுள்ள முதல் 10 அடி மிகவும் இடர் நிறைந்தது; கீழே விழுந்த புத்தகத்தை எடுக்கக் குனியும் சிறுவன் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே இறங்கியவர்களை எண்ணுதல் கடமையாயிற்று. எண்ணிக்கை குறைந்தால் வண்டியை நிலையாக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியின் அடியிலும் குனிந்து பார்த்தே ஆகவேண்டும். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்கும் ஒரு கதை உண்டு. 1990-களின் தொடக்கத்தில், சட்டையின் நாடாவோ பையின் வாரோ அக்கம்பியில் சிக்கி, நகரும் வண்டியால் இழுக்கப்பட்டுச் சில குழந்தைகள் மாண்டனர். அதன்பின், கயிற்றில் கட்டிய ஒரு திருகுமரையைக் கம்பியின் வழியே இழுத்து, எங்கேனும் சிக்குகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை வழக்கத்திற்கு வந்தது.

மூன்றாம் பகுதி, இடர்க் காலத்தில் வெளியேற்றுதல். 1988-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தின் கரல்டன் அருகே, முன்பு பள்ளிக்கு ஓடிப் பின்னர்த் திருச்சபை ஒன்றின் உடைமையான பேருந்தின்மீது, குடிபோதையில் எதிர்த்திசையில் வந்த வண்டி மோதியது. எரிபொருள் பற்றி எரிந்தது. முன்வாயில் பயன்படாது போயிற்று. குறுகிய நடைவழியில் எல்லோரும் பின்வாயிலை நோக்கி நெருங்கினர். 27 பேர் இறந்தனர்; அவருள் பெரும்பாலோர் இளையோர். அதன்பின், பேருந்தின் அளவுக்கேற்ப அவசர வாயில்கள் மிகுதியாக அமையும்படி விதிகள் மாறின. நடைவழியில் பொருள் வைத்தல் ஆகாது என்று பாடநூல் அழுத்திக் கூறுகிறது. எப்போது பிள்ளைகளை உள்ளேயே இருத்துவது, எப்போது வெளியேற்றுவது என்பதும் தேர்வில் வரும்.

இத்தேர்வுக்குப் பயில்வோர், 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 முதல், பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் பயின்றாக வேண்டும். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 80 விழுக்காடு பெறவேண்டும். செய்முறைத் தேர்விலோ, ஓட்டுமுன் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி, அதில் எதனைப் பார்க்கிறோம் என்பதை வாய்விட்டு உரைக்க வேண்டும். பயணம் முடிந்தபின் கடைசி இருக்கை வரை நடந்து சென்று, உறங்கிப்போன குழந்தை எங்கேனும் விடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் அவர் கற்கும் கடமைகளுள் ஒன்று.

மாணவர்களே, பாடத்தைப் பயில இரு வழிகள் உண்டு. பதினைந்து, ஐம்பது என்று எண்களை மட்டும் மனப்பாடம் செய்து தேறிவிடலாம். அவ்வெண்கள் தேர்வு முடிந்த சில திங்களில் மறந்துபோகும். பனிப்புயலில் நின்ற பேருந்தை நினைந்து அதே எண்களைப் பயின்றவரோ, பல ஆண்டுகள் கழித்து, இரயிலே வாராத ஒரு காலைப் பொழுதிலும், பின்னால் வரும் வண்டிகள் ஒலியெழுப்பி அவசரப்படுத்தும்போதும், கதவைத் திறந்து காது கொடுப்பார். விதியை ஓரிரவில் கற்கலாம். விதியின் காரணத்தைக் கற்றவரிடமே அது நிலைத்து நிற்கும். பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைக்கு ஓட்டுநர் எவ்வளவு மதிப்பெண் பெற்றார் என்பது தெரியாது. அவர் காரணத்தை அறிந்து கற்றாரா என்பதில்தான் அப்பிள்ளை வீடு திரும்புவது அடங்கியிருக்கிறது.