ஒரே கம்பி, இரண்டு பந்தயங்கள்

ஜப்பானில் அந்த நாட்களில் இணையம் கண்விழிப்பது இரவு 11 மணிக்கு. உள்ளூர் அழைப்பாகவே இருந்தாலும் மூன்று நிமிடத்துக்கு 10 யென் என்று தொலைபேசி மீட்டர் ஓடும். பகலில் ஒரு மணி நேரம் மோடத்தைப் போட்டுவைத்தால் 200 யென் போய்விடும். 1995-ல் தொலைபேசி நிறுவனமான என்டிடி 'டெலிஹோதாய்' என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. மாதம் ஒரு தொகையைக் கட்டிவிட்டால், முன்கூட்டிப் பதிவு செய்த எண்ணுக்கு இரவு 11 முதல் காலை 8 வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இணைப்பில் இருக்கலாம். மணி 11 ஆனதும் எல்லோரும் சேர்ந்தாற்போல டயல் செய்வார்கள். லைன் கிடைக்காது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு நாட்டில், தொலைக்காட்சியில் செருகி விளையாடும் பெட்டிக்குள் ஒரு மோடத்தையும் சேர்த்து வைத்து விற்கத் துணிந்தது சேகா நிறுவனம். 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானியக் கடைகளுக்கு வந்த அந்தப் பெட்டியின் பெயர் ட்ரீம்காஸ்ட்.

அடாரி 2600 பெட்டிக்குத் தொலைபேசி வழியாக கேம் அனுப்ப 1983-லேயே 'கேம்லைன்' என்ற சேவை தொடங்கியிருந்தது. அதில் கேம் மட்டுமே கம்பி வழியே வந்தது. எதிராளி வரவில்லை. இரண்டு வீடுகளில் இருக்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வது அதைவிடப் பல மடங்கு கடினமான காரியம். அமெரிக்காவில் அதைச் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர்கள், ஸ்டீவ் பெர்ல்மனும் கூட்டாளிகளும் நடத்திய கேட்டபல்ட் நிறுவனத்தார். 1994-ல் அவர்கள் கொண்டுவந்த 'எக்ஸ்பேண்ட்' ஒரு கார்ட்ரிட்ஜ் மாதிரி இருக்கும். சேகா ஜெனிசிஸ் பெட்டியில் முதலில் அதைச் செருகி, அதன் தலையில் கேம் கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும். உள்ளே இருந்த மோடத்தின் வேகம் வினாடிக்கு 2,400 பிட்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். திரையில் வினாடிக்கு 60 முறை படம் மாறுகிறது. 2,400-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 40 பிட். அதாவது ஐந்து எழுத்துக்கான இடம். அதற்குள் ஒரு குத்துச்சண்டையை எப்படி அனுப்புவது? அவர்கள் சண்டையை அனுப்பவே இல்லை. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும் அனுப்பினார்கள். இரண்டு பெட்டிகளிலும் ஒரே கேம், ஒரே தொடக்க நிலை. இரண்டிலும் ஒரே பொத்தான்கள் ஒரே வரிசையில் அழுத்தப்பட்டால் இரண்டு திரையிலும் ஒரே சண்டைதான் நடக்கும். 'மார்ட்டல் காம்பாட்', 'என்பிஏ ஜாம்' எல்லாம் இப்படித்தான் கம்பி வழியே ஓடின. ஆன்லைன் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட கேம்கள் அவை. அவற்றின் நிரலைப் பிரித்துப் படித்து, நடுவில் தங்கள் வேலையை நுழைத்த அந்தப் பொறியாளர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எக்ஸ்பேண்டில் சர்வரின் வேலை ஜோடி சேர்ப்பது மட்டும். ஜோடி கிடைத்ததும் ஒரு பெட்டி காத்திருக்கும், இன்னொரு பெட்டி அதன் வீட்டு எண்ணை நேரடியாக அழைக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பதால் இது கட்டுப்படியானது. முடிந்தவரை அதே வட்டாரத்தில் எதிராளியைத் தேடித் தந்தார்கள். வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் ஆட்டம் காலி. 1997-ல் சேவை நின்றுபோனது.

ஆக, ட்ரீம்காஸ்ட் வருவதற்கு முன்பே தொலைபேசியில் விளையாடியிருக்கிறார்கள். சேகா செய்த புதுமை வேறு. அதுவரை மோடம் என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டிய உதிரி. சேகாவே 1996-ல் அமெரிக்காவில் தன் சேட்டர்ன் பெட்டிக்கு 'நெட்லிங்க்' என்ற மோடத்தைத் தனியாக விற்றிருந்தது. உதிரியாக விற்றால் வாங்குபவர் சிலர்தான். சிலருக்காக யாரும் கேம் எழுத மாட்டார்கள். கேம் இல்லாவிட்டால் அந்தச் சிலரும் வாங்க மாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோருக்கும் மோடத்தைக் கொடுத்துவிடுவது. ட்ரீம்காஸ்டின் ஜப்பானிய, ஐரோப்பியப் பெட்டிகளில் 33.6 கிலோபிட் மோடம் இருந்தது. 1999 செப்டம்பர் 9-ல் அமெரிக்காவுக்கு வந்த பெட்டியில் 56 கிலோபிட்.

இதற்குப் பின்னால் இருந்தவர் இசாவோ ஒகாவா. 1968-ல் சிஎஸ்கே என்ற கணினிச் சேவை நிறுவனத்தைத் தொடங்கியவர். சேகா அந்தக் குழுமத்தின் கையில் இருந்தது. விளையாட்டுப் பெட்டி என்றால் அது வலையில் இணைந்திருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். செலவுக்குப் பயந்து பிள்ளைகள் கம்பியைச் செருகமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் ஜப்பானில் பெட்டியோடு ஓராண்டு இணைய இணைப்பையும் இலவசமாகச் சேர்த்தார்கள். அந்தச் செலவை ஒகாவா தன் சொந்தப் பணத்தில் ஏற்றுக்கொண்டதாக, சேகாவின் கேம் உருவாக்கும் குழுவான சோனிக் டீமின் தலைவராக இருந்த யூஜி நாகா பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'நீங்கள் ஒரு ஆன்லைன் கேம் செய்யுங்கள்' என்று அந்தக் குழுவிடம் கேட்டவரும் ஒகாவாதான்.

அப்படி உருவானது 'ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன்'. 2000 டிசம்பர் 21-ல் ஜப்பானில் வந்தது. இந்தத் தொடரில் எத்தனையோ கேம்களைப் பற்றி எழுதியாகிவிட்டது. கம்பியின் குறையை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு கட்டப்பட்ட இன்னொன்றை நான் காணவில்லை.

அந்தக் குறை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். டயல்-அப் என்றாலே 'மெதுவானது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அகலம் வேறு, தாமதம் வேறு. ஏரியின் மதகு எவ்வளவு அகலம் என்பது ஒரு கேள்வி. திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்துசேரும் என்பது இன்னொரு கேள்வி. விளையாட்டுக்கு அகலம் அதிகம் தேவையில்லை. எக்ஸ்பேண்ட் 40 பிட்டில் சண்டை நடத்தியதைப் பார்த்தோம். உயிரை எடுப்பது தாமதம்தான். 33.6 கிலோபிட் மோடத்தில் நூறு பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை வெளியே தள்ள மட்டுமே 24 மில்லிவினாடி ஆகிறது. அதற்குமேல், பிழை திருத்தவும் சுருக்கவும் மோடம் தகவலைக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள்ளும். நாலு பேர் ஏறினால்தான் கிளம்புவேன் என்று நிற்கும் ஷேர் ஆட்டோ மாதிரி. இரண்டு முனையிலும் இப்படி நின்று நின்று, போய்த் திரும்ப 200, 300 மில்லிவினாடி ஆவது சாதாரணம். திரையில் ஒரு படம் நிற்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. 200 மில்லிவினாடி என்றால் உங்கள் அடிக்கு எதிராளியின் பதில் திரும்பி வருவதற்குள் பன்னிரண்டு படம் ஓடிவிடும். சண்டை கேமில் பன்னிரண்டு படத்துக்குள் ஒரு குத்து தொடங்கி, விழுந்து, முடிந்தேவிடும்.

சோனிக் டீம் இதற்கு மருந்து தேடி மோடத்திடம் போகவில்லை. விளையாட்டின் விதியையே மாற்றியது. நாலு பேர் ஒன்றாகப் போவார்கள். ஒருவரோடு ஒருவர் மோத மாட்டார்கள், பூதங்களோடு மோதுவார்கள். என் வாள் பூதத்தின் மேல் பட்டதா என்பதை என் வீட்டுப் பெட்டியே தீர்மானித்துவிடும். செய்தி மற்ற மூவருக்கும் கால் வினாடி கழித்துப் போய்ச்சேர்ந்தால் என்ன? பூதம் கோபித்துக்கொள்ளாது. என் திரையில் அது இங்கே விழும், உங்கள் திரையில் சற்றுத் தள்ளி விழும். இருவருக்கும் வெற்றிதான். இதற்கு ஒரு விலையும் இருந்தது. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் வீட்டுப் பெட்டியிடம் இருந்ததால், பெட்டியை ஏமாற்றத் தெரிந்தவர்கள் திருட்டு ஆயுதங்களோடு வந்து அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுத்தார்கள். பலர் அதனால் மனம் நொந்து விலகினார்கள்.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. ஒரே குழுவில் ஒசாகாக்காரரும் ஓஹாயோக்காரரும் இருந்தால் என்ன பேசுவது? 'வேர்டு செலக்ட்' என்று ஒரு பட்டியல் வைத்தார்கள். அதிலிருந்து சொற்களைப் பொறுக்கி ஒரு வாக்கியம் கட்டினால், ஜப்பானியர் அதை ஜப்பானிய மொழியிலும், மற்றவர்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில் தத்தம் மொழியிலும் படித்துக்கொள்வார்கள். கம்பியில் போவது சொற்களின் எண்கள்தான் என்பதால் அதுவும் குறுகலான மதகுக்கு ஏற்றதாகவே இருந்தது. வட்டமும் சதுரமும் கோடும் சேர்த்து முகங்கள் வரைந்து அனுப்பும் வசதியும் உண்டு.

ஃபேன்டசி ஸ்டார் அமெரிக்காவுக்கு வந்தது 2001 ஜனவரியில். அதே மாதம் 31-ம் தேதி, ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. கடனில் தத்தளித்த நிறுவனத்துக்காகத் தன் பங்குகளையும் கொடுத்த கடனையும் சேர்த்து சுமார் 8,500 கோடி யென் மதிப்புள்ள சொத்தை விட்டுக்கொடுத்தார் ஒகாவா. மார்ச் 16-ல் காலமானார். எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும் கம்பியை நம்பிய மனிதர் அவர். பெட்டி தோற்றது பல காரணங்களால். மோடம் வைத்தது அதில் ஒன்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த ஆண்டு நவம்பர் 15-ல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் வந்தது. பின்பக்கத்தில் தொலைபேசிக் கம்பிக்கு இடமே இல்லை. ஈதர்நெட் துளை மட்டும். அப்போது இணையம் இருந்த அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் டயல்-அப்பில்தான் இருந்தன. இருப்பவர்களை விட்டுவிட்டு, இனி வரப்போகிறவர்களுக்காகக் கதவு வைப்பதா என்று நிறுவனத்துக்கு உள்ளேயே வாதம் நடந்தது. மைக்ரோசாஃப்டின் ஜே அலார்டும் அவர் குழுவும் அசையவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 2002 நவம்பர் 15-ல் அதன் ஆன்லைன் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவ் திறந்தது. பிராட்பேண்ட் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. 49.95 டாலர் கொடுத்தால் ஓராண்டுச் சந்தாவும், காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவாங்கியும்.

பிராட்பேண்ட் என்றதும் புதுக் கம்பி என்று நினைக்க வேண்டாம். கேபிள் டிவி வழியாக வந்ததை விட்டுவிட்டால், டிஎஸ்எல் ஓடியது அதே பழைய செம்புக் கம்பியில்தான். மனிதக் குரலுக்கு 4,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு குறுகிய பட்டை போதும். மோடம் அந்தப் பட்டைக்குள் தகவலை ஓசையாக்கித் திணித்தது. நாம் கேட்ட கீச்சொலி அதுதான். டிஎஸ்எல் அதற்கு மேலே, 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை, காலியாகக் கிடந்த இடத்தை எடுத்துக்கொண்டது. கீழே அம்மா போனில் பேசலாம், மேலே பிள்ளை விளையாடலாம். இணைப்பு எப்போதும் திறந்தே இருக்கும், நிமிடக் கணக்கு இல்லை. போய்த் திரும்பும் நேரமும் 50 மில்லிவினாடி அளவுக்கு இறங்கியது.

எக்ஸ்பாக்ஸ் லைவ் வெற்றிக்கு வேகத்தைவிட இன்னொன்று பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எல்லோரிடமும் ஒரே மாதிரி இணைப்பு இருக்கிறது என்று கேம் எழுதுபவர் நம்பிக்கொள்ளலாம். டயல்-அப்காரர் ஒருவருக்காக எல்லோருடைய ஆட்டத்தையும் மெதுவாக்க வேண்டியதில்லை. குரலும் எல்லோருக்கும் உண்டு. ட்ரீம்காஸ்டில் 2001-ல் வந்த 'ஏலியன் ஃபிரண்ட் ஆன்லைன்' டயல்-அப்பிலேயே குரலை அனுப்பிக் காட்டியது, ஆனால் அந்த வசதி கேமுக்குள்ளேயே அடங்கிவிட்டது. இங்கே ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், ஒரே ஒலிவாங்கி, எந்த கேமுக்குப் போனாலும் கூடவே வந்தன.

சோனி 2002 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 2-க்காக அமெரிக்காவில் விற்ற இணைப்புப் பெட்டியில் இரண்டு துளையும் இருந்தன, தொலைபேசிக்கு ஒன்று, ஈதர்நெட்டுக்கு ஒன்று. அதே மாதம் வந்த 'சோகாம்' போர் கேமுக்கு மட்டும் பிராட்பேண்ட் கட்டாயம். நின்டெண்டோ கேம்க்யூபுக்கு இரண்டையும் தனித்தனியாக விற்றது, அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை.

ஜப்பானில் 2001-ல் மசயோஷி சோன் என்ற தொழிலதிபரின் 'யாஹூ பிபி' சேவை, வினாடிக்கு 8 மெகாபிட் டிஎஸ்எல் இணைப்பை மலிவான மாதக் கட்டணத்துக்குக் கொண்டுவந்து, தெருவோரத்தில் மோடங்களை இலவசமாகவே கொடுத்தது. இரவு 11 மணிக்காகக் காத்திருக்கும் வழக்கம் அதன் பிறகு மெல்ல மறைந்தது. ஒகாவா அதைப் பார்க்க இல்லை.

பழைய எக்ஸ்பாக்ஸ் கேம்களுக்கான சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15-ல் நிறுத்தியது. அன்று 'ஹேலோ 2' ஆடிக்கொண்டிருந்த சிலர் பெட்டியை அணைக்க மறுத்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் இணைப்பு துண்டிக்கப்படவில்லை என்பதால், பெட்டி சூடாகிச் செயலிழக்கும்வரை தாக்குப்பிடித்தார்கள். கடைசி ஆள் வெளியேறியது மே மாதத்தில்.

ட்ரீம்காஸ்டின் கதை அப்படியும் முடியவில்லை. ஆர்வலர்கள் தாங்களாகவே சர்வர்கள் எழுதி நடத்துகிறார்கள். சிக்கல் என்னவென்றால், பெட்டிக்கு இன்னும் டயல் டோன் வேண்டும். பல வீடுகளில் தொலைபேசிக் கம்பியே இல்லை. அதற்கு 'ட்ரீம்பை' என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் ஒரு யுஎஸ்பி மோடத்தைச் செருகி, அதை ட்ரீம்காஸ்டோடு இணைக்க வேண்டும். அந்தச் சின்னக் கணினி டயல் டோன் கொடுக்கிறது. பெட்டி எண்ணை அழுத்துகிறது, மறுமுனை எடுக்கிறது, இரண்டு மோடங்களும் ஒன்றுக்கொன்று கீச்சிட்டுக்கொள்கின்றன. அந்த அழைப்பு அறையை விட்டு வெளியே போவதே இல்லை. அங்கிருந்து ஃபேன்டசி ஸ்டாரின் பொட்டலங்களை வீட்டு பிராட்பேண்ட் எடுத்துக்கொண்டு போகிறது.