முகமில்லாப் பொருளின் உயிர்: மேசை விளக்கும் படுகளத் துரியோதனனும்

கணினியில் உருவான தொடக்கக் காலக் குறும்படங்கள் உயிரற்ற பொருள்களையே பாத்திரங்களாக எடுத்துக்கொண்டது ஏன் என்று கேட்டால், அன்றைய கணினியால் தோலையும் முடியையும் துணியையும் நம்பும்படி வரைய முடியவில்லை என்ற விடை கிடைக்கும். அது சரியான விடை. ஆனால் பாதி விடை. பொருள்கள் திரைக்கு வந்ததற்கு அந்த இயலாமை காரணம். வந்த பொருள்களைப் பார்வையாளர் உயிருள்ளவையாக ஏற்றுக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் நடக்கும் அக்கினி வசந்த விழாவில், மண்ணால் செய்த துரியோதனனை வீழ்த்தும் படுகளச் சடங்கோடு அப்படங்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காரணம் துலங்கும். பொருளின் உயிர் அதன் முகத்தில் இல்லை. அசைவு மட்டுமே அதைத் தந்துவிடுவதும் இல்லை. எதிரே நிற்கும் இன்னொன்று அதை உயிருள்ளதாக நடத்தும்போதே அது உயிர் பெறுகிறது.

1986 பிப்ரவரியில் லூகாஸ்ஃபிலிமின் கணினிப் பிரிவிலிருந்து பிரிந்து பிக்சார் தனி நிறுவனமானது. அவ்வாண்டு ஆகஸ்டில் டல்லாஸில் நடந்த சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில், ஜான் லாசெட்டர் இயக்கிய 'லக்சோ ஜூனியர்' திரையிடப்பட்டது. சுமார் இரண்டு நிமிடப் படம். ஒரு பெரிய மேசை விளக்கு, ஒரு சின்ன விளக்கு, ஒரு பந்து, அசையாத கேமரா. சின்ன விளக்கு பந்தின் மேல் ஏறிக் குதிக்கிறது, பந்து காற்றுப் போய்ச் சப்பையாகிறது, விளக்கு தலையைத் தொங்கப்போடுகிறது. குட்டி விளக்கை வடிவமைக்கக் குழந்தையின் உடல் விகிதத்தைப் பார்த்த லாசெட்டர், கம்பிகளைக் குட்டையாக்கினார். பல்பைப் பெரிய விளக்கின் அளவிலேயே விட்டார். சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் கணினிப் படம் இதுதான்.

மறு ஆண்டு சிக்ராஃபில் லாசெட்டர் வெளியிட்ட கட்டுரை, கையால் வரைந்த அனிமேஷனின் பழைய விதிகள் கணினிக்கும் பொருந்துவதை விளக்கியது. அவற்றுள் ஒன்று, உடல் நசுங்கியும் நீண்டும் அசைய வேண்டும் என்பது. இரும்புக் கம்பி நசுங்காது. ஆனால் கீல் வைத்த உடம்பு மடங்கினாலே நசுங்கியது போலாகும், முழுதாக நிமிர்ந்தால் நீண்டது போலாகும் என்று அவர் காட்டினார். விளக்கு குதிக்கும் முன் ஒருமுறை பதுங்குகிறது. அந்தப் பதுங்கலில்தான் நாம் அதன் எண்ணத்தைக் காண்கிறோம்.

நிழல் பற்றிய செய்தியைப் பலரும் தொழில்நுட்பச் சாதனையாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பிக்சாரின் வில்லியம் ரீவ்ஸ் முதலானோர் உருவாக்கிய முறையால், இப்படத்தில் விளக்குகள் தம் மீதும் ஒன்றின் மேல் ஒன்றும் நிழல் வீழ்த்துகின்றன. விளக்கின் தலையிலிருந்தே ஒளி புறப்படுவதால், தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் திரும்புகிறது, நிழல் இடம் மாறுகிறது. கண்ணில்லாத பாத்திரத்துக்கு ஒளியே பார்வையாகிவிடுகிறது. பெரிய விளக்கு குனியும்போது அதன் வெளிச்சம் சின்னதன் மேல் விழுகிறது. ஒன்று மற்றொன்றைக் கவனிக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. திரையிடல் முடிந்ததும் வரைகலை அறிஞர் ஜிம் பிளின் எழுந்து வந்தபோது, நிழல் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் எண்ணினாராம். பிளின் கேட்டது, பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்று. அந்தப் பெரிய விளக்கை நீக்கிவிட்டுப் படத்தைக் கற்பனை செய்து பார்த்தால், துள்ளும் ஒரு கருவிதான் மிஞ்சும்.

இனி படுகளத்துக்கு வருவோம். திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று பல நாள் நடந்து, இறுதி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. படுகளத் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். மண்ணைக் குவித்துப் பிசைந்து, வண்ணம் பூசி, பல ஆள் நீளத்துக்குச் செய்த உருவம் அது. கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவரும் வீமன் வேடம் கட்டியவரும் அதைச் சுற்றி ஓடி வசனம் பேசிப் போரிடுவார்கள். ஓடுவதும் பேசுவதும் வேடக்காரர். அடி வாங்குவதோ மண் தொடை. தொடையில் புதைத்த செந்நீர் வெளிப்பட, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பல ஊர்களில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வேடமிட்டவர் அங்கேயே ஒப்பாரி வைப்பார். முடிந்ததும் அந்த உருவத்தின் மண்ணை மக்கள் பிடிப்பிடியாக அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆல்ஃப் ஹில்டெபைடல் திரௌபதி வழிபாடு குறித்து 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு தொகுதிகள் இச்சடங்கை விரிவாக ஆராய்கின்றன.

ஓர் இம்மியும் அசையாத இந்த மண்ணுருவம் அன்று காலை முழுவதும் உயிரோடிருக்கிறது. அடிபட்டுச் சாகவும் செய்கிறது. அதை எதிரியாக நடத்த ஒருவர், கணவனாக எண்ணி அழ ஒருவர், சுற்றிலும் ஊர். உயிருக்கு அசைவு போதும் என்று சொல்வோருக்கு இதைவிட வலுவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இது சடங்கு, பக்தியின் செயல், திரைப்படத்தோடு ஒப்பிடலாகாது என்று ஒரு தடை எழலாம். பக்தி இல்லாத ஆய்வுக்கூடத்தைப் பார்ப்போம். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியன் சிமெலும் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தை மாணவியருக்குக் காட்டினர். என்ன கண்டீர்கள் என்று கேட்கப்பட்ட முதல் குழுவின் 34 பேரில் ஒருவர் மட்டுமே அதை வெறும் வடிவங்களின் நகர்வாக எழுதினார். மற்றவர்கள் எழுதியவற்றில் துரத்தலும் சண்டையும் அச்சமும் இருந்தன. அங்கும் தனியே நகர்ந்த வடிவம் கதையாகவில்லை; ஒன்று மற்றொன்றைத் துரத்தியது. நார்மன் மெக்லாரன் 1957இல் கிளாட் ஜூத்ராவோடு எடுத்த 'எ சேரி டேல்' படத்தில், தன் மேல் உட்கார விடாத நாற்காலி மனிதனோடு மல்லுக்கு நிற்கிறது. கட்டிய நூலால் இழுபட்ட அந்த நாற்காலிக்கு ரவி சங்கரின் சிதாரும் சதுர் லாலின் தபலாவும் துணை. நாற்காலியிடம் மன்றாடத் தொடங்கும் மனிதன்தான் அதைப் பாத்திரமாக்குகிறான்.

தமிழ்த் திரையில் இதற்கு நெருங்கிய தருணம் 1994இல் வந்தது. ஷங்கரின் 'காதலன்' படத்தில் 'முக்காலா முக்காபுலா' பாடலின்போது பிரபுதேவாவின் தலையும் கைகளும் மறைந்து, தொப்பியும் உடையும் காலணியும் ஆடுகின்றன. ஆடிய உடலைக் கணினியால் அழித்த வேலை அது. பொருளைக் கணினியில் ஆட்டியது அல்ல. ஆயினும் முகம் போன பிறகும் ஆட்டத்தின் குறும்பு போகவில்லை என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. எஸ்.டி. வெங்கிக்கு அப்படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காகத் தேசிய விருது கிடைத்தது.

அந்த வழியில் நாம் மேலே போகவில்லை. சென்னை பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000இல் பாண்டவர் கதையை முப்பரிமாணப் படமாக்கியது. 2014இல் 'கோச்சடையான்' நடிகரின் அசைவையே பதிவுசெய்து உருவமாக்கியது. இரண்டும் பெருமுயற்சிகள், அவற்றின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இரண்டும் மிகக் கடினமான இடத்தில், மனித முகத்தில், தொடங்கின. கோச்சடையானின் முகங்கள் விறைப்பாக இருப்பதாகவே விமர்சனங்கள் எழுந்தன. பிக்சாருக்கும் இதே இடறல் நேர்ந்தது. ஆஸ்கர் வென்ற முதல் கணினிப் படமான 'டின் டாய்' 1988இல் வந்தது. அதில் தகரப் பொம்மை அஞ்சி ஓடும்போது நாமும் அஞ்சுகிறோம். குழந்தையின் முகத்துக்குத்தான் மிகுந்த உழைப்பைக் கொட்டினார்கள், அது பொம்மையளவுக்குக்கூட உயிர்க்கவில்லை. முகத்தைக் காட்டியதும் பார்வையாளர் அதை நிஜ முகத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கத் தொடங்குகிறார். முகமில்லாதபோது, விடுபட்டதை அவரே நிரப்புகிறார். படுகளத்தின் அசையாத உருவத்துக்கு ஊர் செய்வதும் அதுதான். ஒரே பாரதக் கதையைக் கணினி முகங்களால் சொல்ல முயன்று தடுமாறுகிறது, படுகளத்தில் மண் சொல்லிவிடுகிறது.

பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள் இன்று கிராமத்து மாணவருக்கும் எட்டுகிறது. உத்திரமேரூரில் ஒரு மாணவர் அனிமேஷன் கற்கத் தொடங்கினால், அரசர் முகத்தில் தொடங்க வேண்டாம். வைரமேக தடாகம் என்ற பெயரில் பல்லவர் கால ஏரியும், அதைக் கவனிக்கத் தனி வாரியமும் இருந்த ஊர் இது. நீரிறைத்த ஏற்றத்தை எடுத்துக்கொள்ளட்டும். நட்ட கால், அதன் மேல் ஏறி இறங்கும் துலா, தொங்கும் சால்: லக்சோ விளக்கைப் போலவே கீலும் கனமும் சேர்ந்த உடம்பு. சால் நீரில் அமிழும்போது துலா எவ்வளவு தயங்க வேண்டும், நிறைந்து எழும்போது எவ்வளவு கனக்க வேண்டும் என்பதை முதலில் கணக்கிட வேண்டியிருக்கும். பிறகு துலா மேல் மிதிப்பவரும், சாலைக் கவிழ்ப்பவரும் வேண்டும்; அவர்கள் அந்த மரத்தோடு பேசவும் அதைத் திட்டவும் பாடவும் வேண்டும். இவ்வளவும் அமைந்த பிறகும் ஏற்றத்துக்குக் கண் வரையத் தோன்றினால், வரைவதற்கு முன் ஒருமுறை கண்ணில்லாமல் ஓடவிட்டு, பார்ப்பவர் யாருக்காவது அது குறைவாகத் தெரிகிறதா என்று கேட்டறியலாம்.