இறைத்தல்: கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனம்

'இறைத்தல்' என்ற வினைக்கு இரண்டு பொருள் உண்டு: நீரை முகந்து மேலேற்றி ஊற்றுவது ஒன்று; வாரிச் சிதறுவது மற்றொன்று. முதல் பொருள் திருக்குறளிலேயே வருகிறது. மறைக்க மறைக்க மிகும் காதல் நோய்க்கு, இறைக்க இறைக்க ஊறும் ஊற்றுநீரை 1161ஆம் குறள் உவமையாக்குகிறது.

காவிரி பாயும் சோழநாட்டுக் கழனிகளில் ஆம்பி, கிழார், ஏற்றம் முதலிய இறைகருவிகளின் ஓசை கேட்பதில்லை என்கிறது சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை. கொங்கு நாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியான இங்கே, நொய்யல், பவானி, அமராவதிக் கரைகளை விட்டால் மேட்டுநிலத்துக்குக் கிணறே கதி. மானாவாரி நிலம் 'காடு', கிணற்றுப் பாசன நிலம் 'தோட்டம்', ஆற்றுப் பாசன நிலம் 'வயல்' என்று பிரித்துச் சொல்லும் வழக்கு இன்றும் இருக்கிறது.

தோட்டத்துக்கு நீர் தந்தது, மாடு கட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கவலை. தென்மாவட்டங்களில் இதற்குக் கமலை என்று பெயர். நீரை முகக்கும் கலமான சாலின் அடியில், நீரை வெளியேற்றும் தோல்குழாயான தும்பி தொங்கும். சாலை வடக்கயிறும் தும்பியின் நுனியை வால்கயிறும் பிடித்திருக்கும். மாடுகள் சரிவில் இறங்கும்போது, ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்ப்பார். மேலே வந்ததும் தும்பி விரிந்து தொட்டியில் நீரைக் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேட்டுக்குத் திரும்பும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியா பருத்தி இப்படி இறைத்த நீரில்தான் விளைந்தது.

மாட்டின் இடத்தை மின்சாரம் பிடிக்கும் காலம் வந்தது. 1932இல் நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937இல் தொழில்முனைவோரான ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் மின்மோட்டார் தயாரித்தனர். வார்ப்பாலைகளும் பம்பு செட் தொழிலும் பெருகப் பெருக, கவலை மாடுகள் தோட்டத்திலிருந்து விடைபெற்றன. உழவரின் செலவுக் கணக்கில் மாட்டுத் தீவனத்தின் இடத்துக்கு மின்கட்டணம் வந்தது. 1970இல் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில், பெருமாநல்லூரில் போலீசார் சுட்டதில் விவசாயிகள் மூவர் உயிரிழந்தனர். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டத்தில் உழவர்களின் கட்டை வண்டிகள் கோவையை முற்றுகையிட்டன.

மாட்டைக் கொண்டு இறைத்தபோது, மாடு களைத்து ஓய்ந்த நேரத்தில் கிணறு ஊறியது. மோட்டாருக்கு அந்த ஓய்வு தேவைப்படவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் 1000 அடியையும் தாண்டின. பழைய திறந்த கிணறுகள் பல வறண்டன. மழைநீர் உள்ளே இறங்காத நிலத்தில் ஊற்றுக்கு வழியில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1045 குளம் குட்டைகளைப் பவானி உபரிநீரால் நிரப்பி, நிலத்தடி நீரை உயர்த்துவதற்கான அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது.